பேட்மிண்டன் வேர்ல்டு டூர் ஃபைனல்ஸ்: குழுவில் முதலிடம் பிடித்து என்ன கண்டோம்?

#1 பின்கோர்ட்

பேட்மிண்டனின் ஆண்டு இறுதிப் போட்டியான வேர்ல்டு டூர் ஃபைனல்ஸில், ஹாங்சோவில் 2025 டிசம்பரில் நடந்ததை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை, அதனால்தான் இந்த இழை. சாத்விக்–சிராக் குழுச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே சீனாவின் லியாங் வெய் கெங்–வாங் சாங் ஜோடியை, அதுவும் அவர்கள் ஊர் கூட்டத்துக்கு நடுவில், முதல் கேமை 12-21 என்று விட்டுவிட்டு 22-20, 21-14 என்று திருப்பி அடித்து ஜெயித்தார்கள். அடுத்த இரண்டு ஆட்டமும் ஜெயம். குழுவில் முதலிடம். இந்திய ஆண்கள் இரட்டையர் ஜோடி ஒன்று இந்தப் போட்டியில் அரையிறுதிக்குப் போனதே அதுதான் முதல் முறை.

சரி, அரையிறுதியில் எதிரே யார்? அதே லியாங்–வாங். முதல் கேம் 21-10, பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் ஃபைனல் உறுதி என்று நினைத்த நேரம். அப்புறம் 17-21, 13-21. முடிந்தது கதை.

என் கேள்வி இதுதான். ஒருவரைக் குழுவில் தோற்கடித்தாயிற்று. முதலிடமும் வாங்கியாயிற்று. அதற்குப் பரிசாக அவரையே திரும்பவும் தோற்கடித்துக் காட்டு என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? குழுவில் முதலாவதாக வந்தவருக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் நடைமுறையில் ஒரு வித்தியாசமும் இல்லை என்றால் அந்த மூன்று நாள் ஆட்டம் எதற்கு?

#2 நெட்டோரம்

சாத்விக்–சிராக்குக்கு மட்டுமா நடந்தது? இதே போட்டி 2017இல் துபாயில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? சிந்து குழுச் சுற்றில் ஜப்பானின் யமகுச்சியை 21-9, 21-13 என்று ஊதித் தள்ளினார். ஃபைனலில் அதே யமகுச்சி. முதல் கேம் 21-15 சிந்துவுக்கு. இரண்டாவது 12-21. மூன்றாவதில் 19-19 வரை போய் 19-21. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடிய ஆட்டம், கடைசிப் புள்ளிகளில் இரண்டு பேருமே கால் தூக்க முடியாமல் நின்றார்கள். குழுவில் வாங்கிய அடி யமகுச்சிக்குப் பாடமாக அமைந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. முதல் ஆட்டத்தில் சிந்துவின் உயரத்துக்குத் தோதாகவே ஷட்டிலைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஃபைனலில் நீளமான ரேலிகளாக இழுத்து இழுத்துக் களைப்பாக்கினார்.

#3 புதுஷட்டில்

நான் சமீபமாகத்தான் பேட்மிண்டன் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். இதற்கு எப்படித் தகுதி பெறுகிறார்கள்? உலக ரேங்கிங்கில் முதல் எட்டு பேரா? ஏன் மற்றப் போட்டிகள் மாதிரி நேரடி நாக்அவுட் இல்லை?

#4 லைன்ஜட்ஜ்

@புதுஷட்டில், உலக ரேங்கிங் வேறு, இது வேறு. ஜனவரி மலேசிய ஓப்பனில் தொடங்கி ஆண்டு முழுக்க வேர்ல்டு டூர் போட்டிகளில் சேர்க்கும் புள்ளிகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் ஒவ்வொரு பிரிவிலும் முதல் எட்டு பேர் அல்லது எட்டு ஜோடிகள். ஒரு நாட்டுக்கு இரண்டு இடத்துக்கு மேல் கிடையாது. அதனால் சீனாவில் மூன்றாவதாக இருப்பவர் பட்டியலில் எட்டுக்குள் வந்தாலும் வீட்டிலிருந்து டிவியில் பார்க்க வேண்டியதுதான், அவருக்குப் பின்னால் இருப்பவர் உள்ளே வருவார். அந்த ஆண்டின் உலகச் சாம்பியனுக்கும், ஒலிம்பிக் ஆண்டென்றால் ஒலிம்பிக் சாம்பியனுக்கும் தனி வழி உண்டு.

எட்டு பேரை நான்கு நான்காகப் பிரித்து இரண்டு குழு. ஆளுக்கு மூன்று ஆட்டம். குழுவுக்கு இரண்டு பேர் அரையிறுதிக்கு. குழு முதலிடக்காரர்கள் இரண்டு பேரும் எதிரெதிர் பாதியில், இரண்டாமிடக்காரர்களைக் குலுக்கிப் போடுவார்கள். பின்கோர்ட் புலம்புவது இந்தக் குலுக்கலைப் பற்றித்தான்.

இந்தப் போட்டி புதிதும் இல்லை. 1983இலிருந்து 2000 வரை கிராண்ட் ப்ரீ ஃபைனல்ஸ், 2008இலிருந்து சூப்பர் சீரிஸ் ஃபைனல்ஸ், 2018இலிருந்து இப்போதைய பெயர்.

#5 இரட்டையர்கட்சி

நாக்அவுட் வேண்டாம் என்பதற்கு என்னுடைய சாட்சி நம் சமீர் வர்மா. 2018 குவாங்சோ. லக்னோவில் சையத் மோடி போட்டியை ஜெயித்துக் கடைசி நேரத்தில் உள்ளே நுழைந்தவர். முதல் ஆட்டத்தில் ஜப்பானின் மொமோட்டாவிடம் தோல்வி. சாதாரணப் போட்டியாக இருந்தால் அன்று இரவே மூட்டை கட்ட வேண்டியதுதான். இங்கே அடுத்த இரண்டையும் ஜெயித்து அரையிறுதிக்குப் போனார். அங்கே சீனாவின் ஷி யூகியை 21-12 என்று முதல் கேமில் அடித்துவிட்டு, இரண்டாவது கேமில் மேட்ச் பாயின்ட் வரை போய், 20-22, 17-21 என்று கோட்டைவிட்டார். அந்த ஷி யூகிதான் மறுநாள் மொமோட்டாவை 21-12, 21-11 என்று துவைத்துக் காயப்போட்டுக் கோப்பையைத் தூக்கியவர். சமீர் ஒரு புள்ளி எடுத்திருந்தால் ஃபைனலில் இருந்திருப்பார். இரண்டாவது வாய்ப்பு கொடுத்தது எது? பின்கோர்ட் திட்டுகிற அதே குழுச் சுற்றுதான்.

#6 பின்கோர்ட்

குழுச் சுற்றையே நான் திட்டவில்லை. இரண்டாவது வாய்ப்பு இருக்கட்டும். அது ஒருவர் காலை வாரிவிடுகிற மாதிரி ஏன் இருக்க வேண்டும் என்கிறேன். ஹாக்கி, கால்பந்து எதிலும் ஏ குழு முதலிடம் பி குழு இரண்டாமிடத்தோடு மோதும், பி முதலிடம் ஏ இரண்டாமிடத்தோடு. குறுக்குக் கட்டு. சிம்பிள். ஒரே குழு ஆட்கள் ஃபைனலில்தான் மறுபடி சந்திப்பார்கள். சிந்து 2017 மாதிரி ஃபைனலில் சந்தித்துத் தோற்றால் மனம் ஆறும்.

#7 மூன்றாவதுகேம்

2021 பாலிதான் இந்தக் கூத்தின் உச்சம். லக்ஷயா சென்னின் முதல் ஃபைனல்ஸ். குழுவில் மொமோட்டா, டென்மார்க்கின் அக்செல்சன், கெம்கே. மொமோட்டா லக்ஷயாவோடு ஆடிய முதல் ஆட்டத்தில் 1-1 என்று இருக்கும்போதே முதுகுவலி என்று வெளியேறினார். கெம்கேவும் காயம். குழு ஆட்டத்தின் நடுவில் ஒருவர் விலகினால் அவர் ஆடிய ஆட்டங்களின் கணக்கே அழிந்துவிடும். ஆக நால்வர் குழுவில் மிஞ்சியது இரண்டு பேர், இரண்டு பேருமே அரையிறுதிக்கு. அவர்களுக்குள் நடந்த ஆட்டத்தில் அக்செல்சன் 21-15, 21-14. சரி, யார் முதலிடம் என்று தெரிந்தது. அப்புறம் குலுக்கினார்கள். வந்தது அக்செல்சன்–லக்ஷயா! 21-13, 21-11. ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் இரண்டு உதை, நடுவில் முழு ஆட்டம் என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு அரையிறுதி ஒரே குழுவுக்குள் அமைந்துவிட்டால் மற்ற அரையிறுதியும் அடுத்த குழுவுக்குள்தான் அமையும். நான்கு பேர்தானே. அதாவது குலுக்கல் ஒன்று கோணினால் இரண்டு அரையிறுதியுமே மறு ஒளிபரப்பு.

#8 புதுஷட்டில்

ஐயோ, அப்படியென்றால் பின்கோர்ட் சொல்கிற குறுக்குக் கட்டையே வைத்துவிடலாமே? இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

#9 லைன்ஜட்ஜ்

நஷ்டம் என்ன என்பதை லண்டன் ஒலிம்பிக்கில் உலகமே பார்த்தது. 2012, பெண்கள் இரட்டையர். முதல் முறையாக ஒலிம்பிக்கில் குழுச் சுற்று கொண்டுவந்தார்கள், அடுத்த சுற்றில் யார் யாரோடு என்பது முன்கூட்டியே தெரிந்த கட்டு. விளைவு? சீனாவின் வாங் ஷியாவ்லி–யூ யாங் ஜோடி, குழுவில் இரண்டாமிடம் வந்தால் தங்கள் நாட்டு இன்னொரு ஜோடியை ஃபைனல் வரை தவிர்க்கலாம் என்று கணக்குப் போட்டது. எதிரில் இருந்த கொரிய ஜோடியும் ஜெயிக்கத் தயாராக இல்லை. சர்வை நெட்டில் அடிப்பது, ஷட்டிலை வேண்டுமென்றே வெளியே தள்ளுவது, நான்கு அடிக்கு மேல் ரேலி போகாதது. அரங்கமே ஊளையிட்டது. நடுவர் எச்சரித்தும் கேட்கவில்லை. அடுத்து இன்னொரு கொரிய ஜோடியும் இந்தோனேசிய ஜோடியும் அதே வேலையைச் செய்தன. நான்கு ஜோடி, எட்டு பேர், போட்டியிலிருந்தே நீக்கம். அதில் வாங்–யூ அப்போதைய உலகச் சாம்பியன்கள், தங்கம் அவர்களுக்குத்தான் என்று எல்லோரும் எழுதி வைத்திருந்தார்கள்.

அதற்கு அடுத்த ஒலிம்பிக்கில் இரட்டையருக்கு இரண்டாமிடக்காரர்களைக் குலுக்கிப் போடும் முறை வந்தது. யாரோடு மோதப் போகிறோம் என்று தெரியாவிட்டால் வேண்டுமென்று தோற்க யாருக்கும் காரணம் இல்லை.

#10 நெட்டோரம்

அந்த லண்டன் கதையில் நம் பங்கும் இருக்கிறது. ஜுவாலா கட்டா–அஸ்வினி பொன்னப்பா. வேறு குழு. ஜப்பானிடம் தோற்று, தைவானையும் சிங்கப்பூரையும் வென்றார்கள். ஜப்பான் கடைசி ஆட்டத்தில் தைவானிடம் தோற்றது, மூன்று ஜோடியும் சமம், கணக்குப் பார்த்தால் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் நம்மவர்கள் வெளியே. ஜப்பான்–தைவான் ஆட்டத்தைப் பற்றி இந்தியத் தரப்பு எழுத்தில் புகார் கொடுத்தது, ஏற்கவில்லை. ஒரு புள்ளி! முதல் ஆட்டத்தில் ஏதோ ஒரு சர்வை நெட்டில் அடித்திருப்பார்கள், அதற்கு அப்போது யாரும் முகம்கூடச் சுளித்திருக்க மாட்டார்கள்.

#11 பின்கோர்ட்

லண்டன் சரி. ஆனால் அங்கே சொந்த நாட்டு ஜோடியைத் தவிர்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது, பதக்கம் என்ற கவர்ச்சி இருந்தது. ஃபைனல்ஸில் இருப்பதே எட்டு பேர், எல்லோரும் முதல் தர ஆட்கள். இதில் யாரைத் தவிர்த்து யாரை எடுக்கப் போகிறார்கள்?

#12 மூன்றாவதுகேம்

கொரியாவின் ஆன் சே யங்கைத் தவிர்ப்பார்கள். 2025இல் அவர் ஜெயித்த பட்டங்கள் 11, கடைசிப் பட்டம் ஹாங்சோவில் வாங் ஷியியை மூன்று கேமில் தோற்கடித்து வாங்கியது. அந்த வருடம் அரையிறுதியில் அவரா மற்றவரா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் உலகத்தில் எந்த வீராங்கனை அவரைக் கேட்பார்? 2019 மொமோட்டாவும் அப்படித்தான், அவருக்கும் 11. இப்படி ஒரு ஆள் ஒரு குழுவில் இருந்துவிட்டால் போதும், அடுத்த குழுவின் கடைசி நாள் ஆட்டம் நாறிவிடும்.

இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறேன். குழு இரண்டே இரண்டுதான் என்பதால் நடு வழி கிடையாது. 'குலுக்கு, ஆனால் ஒரே குழு ஆட்கள் மோதக்கூடாது' என்று சொன்னாலே அது குறுக்குக் கட்டாகிவிடும், குலுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. ஒலிம்பிக்கில் குழுக்கள் அதிகம், அங்கே இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும். இங்கே ஒன்று மறு மோதலை ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேண்டுமென்று தோற்பதற்குக் கதவைத் திறக்க வேண்டும்.

#13 இரட்டையர்கட்சி

👏 இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

#14 பழையராக்கெட்

நீங்கள் எல்லோரும் குலுக்கலையே பிடித்துத் தொங்குகிறீர்கள். எனக்குக் குழுச் சுற்றில் பிடித்ததே வேறு. சாதாரணப் போட்டியில் முதல் கேமை ஜெயித்த ஒருவர் இரண்டாவதில் 9-18 என்று பின்தங்கினால் என்ன செய்வார்? விட்டுவிடுவார். மூன்றாவதுக்கு மூச்சைச் சேர்த்து வைப்பார். 2021 ஜனவரியில் பேங்காக்கில் நடந்த ஃபைனலைப் பாருங்கள், தொற்றுக் காலத்தால் தள்ளிப்போன 2020 போட்டி அது. அக்செல்சன் அதற்கு முந்தைய இரண்டு வாரமும் அதே ஊரில் இரண்டு பட்டம் வாங்கியிருந்தார். எதிரில் நின்ற ஆன்டன்சன் முதல் கேமை 21-16 என்று எடுத்தார், இரண்டாவது 5-21, மூன்றாவது 21-17. அந்த 5-21ஐ மறுபடி பார்த்தால் தெரியும், எட்டாத ஷட்டிலுக்கு ஓடவே மாட்டார். நிற்பார், பார்ப்பார், டவலுக்குப் போவார். மூன்றாவது கேமில் புது ஆளாக வந்து நின்றார்.

குழுச் சுற்றில் இந்த வேலை எடுபடாது. இரண்டு பேர் சமமாக முடித்தால் அவர்களுக்குள் ஜெயித்தவர் யார் என்று பார்ப்பார்கள், அது சுலபம். மூன்று பேர் சமம் என்றால் கேம் வித்தியாசம், அதுவும் சமம் என்றால் புள்ளி வித்தியாசம். அந்த 5-21, வெள்ளிக்கிழமை ராத்திரி கணக்குப் பார்க்கும்போது பதினாறு புள்ளி பள்ளமாக வந்து நிற்கும். அதனால் 9-18இல் இருப்பவரும் விழுந்து புரண்டு ஷட்டிலை எடுக்க வேண்டியிருக்கிறது. ஆட்டத்தைப் பார்க்கிற நமக்கு அது லாபம்.

#15 நெட்டோரம்

@பழையராக்கெட் ஐயா, அருமை. ஆனால் ஒரு சந்தேகம். கணக்கு முடிந்துபோன ஆட்டங்களை என்ன செய்வது? 2022 பேங்காக், பிரணாய். நரவோகாவிடமும் லூ குவாங்சூவிடமும் மூன்று கேம் போராடித் தோற்று ஏற்கெனவே வெளியே. கடைசி ஆட்டம் அக்செல்சனோடு, அவர் ஏற்கெனவே அரையிறுதியில். பிரணாய் 14-21, 21-17, 21-18 என்று ஜெயித்தார். ஊரெல்லாம் அக்செல்சனையே சாய்த்துவிட்டார் என்று கொண்டாட்டம். ஆனால் கோப்பையைத் தூக்கியது அக்செல்சன்தான்.

#16 பழையராக்கெட்

தம்பி, அந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பரிசுப் பணம், ரேங்கிங் இரண்டும் குழு வெற்றியைப் பொறுத்து மாறும். அதோடு அக்செல்சன் மாதிரி ஆள் சும்மா கொடுத்துவிட்டுப் போகிறவர் இல்லை. மூன்று கேம் போயிருக்கிறது, பாருங்கள்.

#17 பின்கோர்ட்

சும்மா கொடுக்கவில்லை, ஆனால் மறுநாள் அரையிறுதி இருப்பவர் எவ்வளவு ஓடுவார்? அதுவும் டிசம்பரில். ஒற்றையரில் முதல் 15 ரேங்க், இரட்டையரில் முதல் 10 ஜோடி, இவர்களுக்கு வேர்ல்டு டூரின் பெரிய போட்டிகளான சூப்பர் 1000 நான்கும் சூப்பர் 750 ஆறும் கட்டாயம், அதற்கு மேல் சூப்பர் 500இல் குறைந்தது இரண்டு. பன்னிரண்டு ஆயிற்றா? உலகச் சாம்பியன்ஷிப், நாட்டு அணிப் போட்டிகள் தனி. இத்தனைக்கும் பிறகு முழங்காலில் டேப் சுற்றிக்கொண்டு வருகிறவர்களிடம் குழுவில் மூன்று ஆட்டம் கேட்கிறோம். 2021இல் ஒரே குழுவில் இரண்டு பேர் விழுந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

#18 இரட்டையர்கட்சி

களைப்பு எல்லோருக்கும்தான். அதையும் தாங்கி ஜெயிக்கிறவனைத்தான் ஆண்டின் சிறந்தவன் என்கிறோம். 2018 சிந்துவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் இந்திய ஓப்பன், காமன்வெல்த், தாய்லாந்து, உலகச் சாம்பியன்ஷிப், ஆசிய விளையாட்டு, எல்லாவற்றிலும் ஃபைனல் போய் எல்லாவற்றிலும் தோல்வி. சிந்துவுக்கு ஃபைனல் ராசி இல்லை என்று எழுதாத ஆள் இல்லை. குவாங்சோவில் குழுவில் யமகுச்சி, தாய் சூ யிங், பெய்வென் ஷாங் மூன்று பேரையும் வென்றார். யமகுச்சியோடு முதல் கேம் 24-22. தாய் சூ யிங்கிடம் முதல் கேமை விட்டுவிட்டு மூன்றில் வென்றார். அரையிறுதியில் ரட்சனோக்கோடு இரண்டாவது கேம் 25-23. ஃபைனலில் ஒகுஹாரா 21-19, 21-17. ஐந்து ஆட்டம், ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. இந்தியாவுக்கு இந்தப் போட்டியின் முதல் கோப்பை அதுதான். 2009இல் ஜுவாலா–திஜு கலப்பு இரட்டையரில் ஃபைனல், 2011இல் சாய்னா ஃபைனல், 2021இல் சிந்து மறுபடி ஃபைனல், யாரும் கோப்பையைத் தொடவில்லை. 2018இல் நாக்அவுட்டாக இருந்தால் சிந்து தன் குழுவிலிருந்த அந்த மூன்று பேரில் ஒருவரையோ இரண்டு பேரையோ மட்டும் சந்தித்து ஜெயித்திருப்பார், ராசியில் ஜெயித்தார் என்று அதையும் சொல்லியிருப்பார்கள்.

#19 கோர்ட்சைடு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு யோசனை. குழு முதலிடக்காரர்கள் இரண்டு பேரில் சாதனை மேலாக இருப்பவர், கேம் வித்தியாசமோ புள்ளி வித்தியாசமோ பார்த்து, தன் அரையிறுதி எதிராளியைத் தானே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டாமிடக்காரர் இரண்டு பேரில் ஒருவரைச் சொல்ல வேண்டும், மேடையில், மைக்கில். மற்றவர் தானாக அடுத்த அரையிறுதிக்குப் போவார். குழுவில் முதலிடம் வருவதற்கு அர்த்தம் வந்துவிடும். அந்தத் தேர்வு யார் கையில் என்று கடைசி ஆட்டம் வரை தெரியாது, அதனால் வேண்டுமென்று தோற்க யாருக்கும் ஆசை வராது. பழையராக்கெட் ஐயா சொன்ன ஒவ்வொரு புள்ளியும் இன்னும் முக்கியமாகிவிடும்.

#20 புதுஷட்டில்

மைக்கில் பெயர் சொல்வதா! 'நீ லேசு' என்று முகத்துக்கு நேராகச் சொல்வது மாதிரி ஆகிவிடுமே. டிவிக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

#21 மூன்றாவதுகேம்

@கோர்ட்சைடு, யோசனை மோசமில்லை, நான் யோசித்த வரையில் ஓட்டை ஒன்றுதான். இரண்டாவது குழு முதலிடக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது, மிச்சம் இருப்பவர்தான். அதோடு ஒரு நாட்டு ஆட்கள் இரண்டு பேர் இருந்தால் தேர்வு நட்பில் போய்விடும், தங்கள் ஆளை ஃபைனல் வரை விட்டுவைப்பார்கள். லண்டன் பேய் பின்வாசல் வழியாக உள்ளே வரும். அந்த ஒன்றுக்கு மட்டும் 'சொந்த நாட்டவர் இருந்தால் குலுக்கல்' என்று போட்டுவிடலாம்.

#22 பின்கோர்ட்

எனக்கு இது பிடித்திருக்கிறது. குறுக்குக் கட்டை வாபஸ் வாங்குகிறேன், மூன்றாவதுகேம் போட்ட கணக்குக்குப் பதில் இல்லை. ஆனால் சாத்விக்–சிராக்கிடம் அன்று மைக்கைக் கொடுத்திருந்தால் லியாங்–வாங் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

#23 இரட்டையர்கட்சி

நான் எதிர்ப் பந்தயம். சிராக்கை உனக்குத் தெரியாதா? அவர்களைத்தான் வேண்டும் என்று கேட்டிருப்பார். அதுவும் சிரித்துக்கொண்டே.

#24 லைன்ஜட்ஜ்

அக்செல்சன் 2021இல் லக்ஷயாவையே கேட்டிருப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லையே? அப்போது குலுக்கலும் அதையேதான் கொடுத்தது 😄